குண்டு எழுத்தை எங்கே வைப்பது?

குமரி மாவட்டத்தில் பிளக்ஸ், ஸ்டிக்கர் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பி, தங்கைமாருக்கும் வணக்கம்.

வடசேரியில் அண்மையில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகையைப் பார்த்தேன். படத்தில் பெரியவர் கைகூப்பி நிற்கிறார். அவர் தலைக்கு மேலே குண்டு குண்டான எழுத்துகள் மஞ்சள் விளிம்பு கட்டிக்கொண்டு, ஐஸ்கிரீம் கடைத் திறப்புவிழா போலக் குதித்துக்கொண்டிருந்தன. துக்க வீட்டார் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

அந்த எழுத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, ஆசைதான். 'ரெட்ரோ மாதிரி வேண்டும்', அதாவது பழைய பாணியில் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் 'கூப்பர் பிளாக்' வம்சத்து எழுத்தைத்தான். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் வெளிவந்த ஆங்கில எழுத்துரு அது. உடம்பு பருத்து, முனைகள் மழுங்கி, தூரத்திலிருந்தே கண்ணில் விழும். விளம்பரத்துக்கென்றே பிறந்த எழுத்து. பத்தி பத்தியாகப் படிப்பதற்கு அல்ல. நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட், மார்த்தாண்டம் தேன் பாட்டில், ஜூஸ் கடைப் பலகை, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் அருமையாகப் பொருந்தும். ஆனால் பெயரை மட்டும் அதில் போடுங்கள். எடை, விலை, காலாவதித் தேதிக்குச் சாதாரண எழுத்தே போதும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்து பருக்கப் பருக்க உள்ளே இருக்கும் சுழிகள் அடைபடுகின்றன. 'கண்ணன்' என்று அடித்துப் பாருங்கள். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒன்றாகத் தெரிந்தால் அந்த எழுத்துரு அந்த அளவுக்கு ஆகாது. அதன் மேல் நிழலும் விளிம்பும் ஏற்றினால் புள்ளி மறைந்து 'மட்டி' என்பது 'மடடி' ஆகிவிடும். இடம் போதவில்லை என்று கோரல் டிரா மென்பொருளில் எழுத்தைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து இழுக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். படுக்கைக் கோடு ஒரு தடிமன், நெடுக்கைக் கோடு வேறொரு தடிமன் என்று எழுத்தே ஊனமாகிறது. சொல்லைக் குறையுங்கள், இல்லையென்றால் இரண்டு வரியாக மடக்குங்கள்.

களியக்காவிளைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஏக் டைப் நிறுவனம் உருவாக்கிய 'பலூ' என்ற குண்டு எழுத்துக் குடும்பத்தில் தமிழுக்குத் 'தம்பி', மலையாளத்துக்குச் 'சேட்டன்' என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். இருமொழிப் பலகையில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக நிற்கும். எல்லையோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யார் வைத்திருக்க முடியும்!

கடைசியாக ஒன்று. பழைய கடைகளின் மேல் பெயின்டர் கையால் எழுதிய பலகைகள் இன்னும் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. சிலவற்றில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் 'லை', 'னை'கூட இருக்கும். நம் ஊர் ரெட்ரோ அதுதான். அதன் மேல் பிளக்ஸை ஆணியடிக்கும் முன், நேர் எதிரே நின்று நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒருவர் 'பழைய மாதிரி' என்று கேட்டு வரும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவில் வாசகன்