ஞாயிறு கலந்துரையாடல்: மீண்டும் ஆடுகளத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நிர்வாகம், நடுவர் பணி, வர்ணனை எனச் சில காலம் வெளியே இருந்துவிட்டு மீண்டும் டென்னிஸ் பயிற்சியளிக்க வருவோருக்காக, வரும் ஞாயிறு மாலை 7 மணிக்குக் குழு அழைப்பில் கலந்துரையாடல் நடைபெறும்.

அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் பிராட் கில்பர்ட்டை முன்வைத்துப் பேசுவோம். அகாசி, ராடிக், மர்ரி ஆகிய முன்னணி வீரர்களுக்குப் பயிற்சியளித்தபின் நெடுநாள் தொலைக்காட்சி வர்ணனையில் இருந்த அவர், 2023 கோடையில் அமெரிக்க வீராங்கனை கோகோ காஃபின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அந்தச் செப்டம்பரிலேயே காஃப், இறுதியாட்டத்தில் சபலென்காவிடம் முதல் செட்டை 2-6 என இழந்தும், 6-3, 6-2 என மீண்டு அமெரிக்க ஓப்பனை வென்றார். காஃபின் தடுமாறிய ஃபோர்ஹேண்டை (உள்ளங்கை முன்னோக்க அடிக்கும் அடி) நடுப்பருவத்தில் அடியோடு மாற்றப் புகாமல், கால்வேகத்தையும் பேக்ஹேண்டையும் (புறங்கை முன்னோக்க அடிக்கும் அடி) நம்பி ஆடவைத்ததில்தான், கில்பர்ட் மைக் முன் அமர்ந்து பிறர் ஆட்டத்தைக் கவனித்த அனுபவம் தெரிகிறது என்பது என் கருத்து. (2024 செப்டம்பரில் இருவரும் பிரிந்தனர், அதையும் பேசலாம்.)

உடல் தயார்நிலை தனிச் சிக்கல். கூடையிலிருந்து ஒரு மணி நேரம் தொடர்ந்து பந்து போட்டுக்கொடுத்தால் தோள்பட்டை என்ன சொல்லும் என்பது, கோப்புகளோடு இருந்தவர்களுக்கு மறந்திருக்கும். எனவே, திரும்பிய முதல் வாரங்களைச் சமாளித்தவர்கள் தங்கள் பயிற்சி அட்டவணையைச் சனிக்கிழமை இரவுக்குள் இங்கே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.