கழிவு நிலக்கடலை கேட்கும் உணவக முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரையில் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் பாய்மார்களுக்கும் வணக்கம்.

உச்சிப்புளிப் பக்கம் செக்கு வைத்திருக்கிறேன். எண்ணெயோடு வறுகடலையும் பீனட் பட்டரும் வீடுகளுக்கும் உங்களில் சிலருக்கும் போகிறது. "சட்னிக்குத்தானே, கழிவுக் கடலை இருந்தால் விலை குறைத்துப் போடு" என்று உங்கள் ஆட்கள் கேட்பது இப்போது கூடிவிட்டது. தேங்காய் விற்கிற விலையில் ஏன் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் தர மாட்டேன்.

கழிவில் உடைசல் மட்டும் வராது. சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் அதில்தான் சேரும். அந்தப் பூசணம் விடும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப்போய், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கை ஆராயப் போய்த்தான் இது வெளியே வந்தது. நாள்பட உடம்பில் சேர்ந்தால் கல்லீரலில் புற்றுநோய் வரலாம். வறுத்தாலும் முழுசாகப் போகாது. பூண்டும் மிளகாயும் தூக்கலாக வைத்து அரைத்தால் கசப்பு தெரியாமல் போகும், அவ்வளவுதான். நல்லவேளையாக, மூட்டையில் சில பருப்புகளில்தான் இந்த நஞ்சு அதிகமாக இருக்கும். முறத்தில் கொட்டிக் கெட்டதைப் பொறுக்கி எறிந்தாலே பெரும்பகுதி குறைந்துவிடும். அப்படிப் பொறுக்கி எறிந்ததைத்தான் நீங்கள் விலைக்குக் கேட்கிறீர்கள்.

நம் கடல்காற்று வேறு. சுவரோடு சாத்திய சாக்கில் அடிப்பக்கம் கையை விட்டுப் பாருங்கள், மேலே சலசலவென்று இருந்தாலும் கீழே ஜில்லென்று இருக்கும். அங்கே ஒரு பருப்பை எடுத்துக் கடியுங்கள். பட்டென்று உடையாமல் சவசவவென்று இருந்தால் ஈரம் ஏறிவிட்டது. பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வாங்கிப் போடாதீர்கள்.

வறுத்த பிறகும் கவனம் வேண்டும். 2008-09இல் அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் கடலைச் சரக்கால் 714 பேருக்கு சால்மோனெல்லா என்கிற கிருமியால் நோய் கண்டது. 9 பேர் இறந்தார்கள். அதன் ஆலையில் கூரை ஒழுகியது. சரக்கில் கிருமி இருப்பது தெரிந்தே அனுப்பிய முதலாளிக்கு 2015இல் 28 வருடச் சிறை. பீனட் பட்டரில் அந்தக் கிருமி பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் பச்சைக் கடலை அள்ளின தட்டிலும் கரண்டியிலும் வறுத்ததை அள்ள வேண்டாம். ஒழுகும் இடத்துக்குக் கீழே டப்பா வேண்டாம். ஈரக் கரண்டி வேண்டவே வேண்டாம். மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், கிளறினால் சேர்ந்துவிடும். சிக்கு வாடை அடித்தால்தான் கொட்ட வேண்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். தேங்காய்ச் சட்னியில் ஒரு கை கடலை போட்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் சப்ளையர் தம்பி மாஸ்டரைக் கேட்காமலேயே "இல்லை சார்" என்கிறார். கடலை அரைத்த மிக்ஸி ஜாரைக் கழுவாமல் அடுத்த சட்னி அரைத்தாலும் ஆபத்துதான். உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் மோரும் வெந்நீரும் கொடுத்து உட்காரவைக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. காலையில் சாப்பிட்டவர் ராத்திரி ரயிலேறிவிடுவார். மானாமதுரை தாண்டி வயிறு கலக்கினால் உங்கள் கடைக்கு வந்து சண்டை போட யாரும் திரும்பி வரப்போவதில்லை. புகார் வரவில்லை என்பதால் சரக்கு நல்லது என்று ஆகிவிடாது.

கடலை சேர்த்த பண்டம் எதுவோ அதைப் பலகையில் எழுதி வையுங்கள். நல்ல உடைசல் வேண்டுமானால் சொல்லுங்கள், பொறுக்கித் தனியாக எடுத்துவைக்கிறேன். முழுப்பருப்பைவிடக் குறைத்தே போடுகிறேன்.

இப்படிக்கு,
உச்சிப்புளி செக்குக்காரன்