குழாயில் தண்ணீர் விடுங்கள், ஜூஸை நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்

எங்கள் ஊர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும், அதற்கு மேலே இருக்கும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் பிள்ளைகளுக்கு எடை பார்த்தீர்கள், நல்ல காரியம். ஆறாவது படிக்கும் என் மகளின் நோட்டில் 'எடை கூடுதல், குளிர்பானம் தவிர்க்கவும்' என்று எழுதி அனுப்பியிருந்தீர்கள். முகாம் முடிந்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் கொடுத்ததை அவளே வந்து சொன்னாள். யாரோ நன்கொடையாம்.

குழாய் விஷயம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஒகேனக்கல் தண்ணீர் ஊர்த் தொட்டி வரைக்கும் வருகிறது, பள்ளிக்குள் வருவதில்லை. சுத்திகரிப்பு மெஷின் பழுதாகி, இப்போது விளக்குமாறு சாத்தி வைக்கத்தான் பயன்படுகிறது. மிச்சம் இருப்பது போர்வெல் தண்ணீர். அதில் இருக்கிற, பல்லைக் கறையாக்கும் புளோரைடைப் பற்றித் தர்மபுரிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டுமா? என் அண்ணன் இன்றைக்கும் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார், பல்லெல்லாம் பழுப்புக் கோடு. அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று பிள்ளையிடம் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

கொடுத்து விடும் பாட்டில் பதினோரு மணிக்கே காலி. மதியம் விளையாட்டு பீரியட் முடிந்து நாக்கு வறண்டு வரும் பிள்ளைக்குக் கேட்டுக்கு எதிரே கடை. அங்கே தண்ணீர் பாட்டிலும் பத்து ரூபாய், ஜூஸும் பத்து ரூபாய். பதினோரு வயசு எதை எடுக்கும்?

அந்தச் சின்ன ஜூஸ் பாட்டிலில் பெரும்பாலும் நாலைந்து தேக்கரண்டி சர்க்கரை. சோறு கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறு போதும் என்கிறது, குடித்த சர்க்கரைக்கு அப்படிச் சொல்வதில்லை, ராத்திரி சாப்பாடு குறையாமல் இறங்குகிறது. தண்ணீர் குடித்தாலே உடம்பு இளைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜெர்மனியில் டோர்ட்மண்ட், எஸ்சன் நகரங்களில் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைத்து, தண்ணீர் குடிப்பதைப் பற்றி நாலு பாடமும் நடத்திப் பார்த்தார்கள். ஒரு கல்வியாண்டில், குழாய் வைத்த பள்ளிப் பிள்ளைகள் அதிக எடைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 31 சதவீதம் குறைந்திருந்தது. பாடம் நீங்களும் நடத்துகிறீர்கள், குழாய்தான் இல்லை.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இந்த மாதிரி சர்க்கரைப் பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது. கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் பிழைக்கணும். ஆனால் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் ஒரே ராத்திரியில் ரோடு போடுகிற ஊரில், தொட்டியிலிருந்து பள்ளிச் சுவர் வரைக்கும் ஒரு பைப்புக்கு மட்டும் மதிப்பீடு தயாராகிக்கொண்டே இருக்கிறதே, அது எப்படி? கழிவறையில் தண்ணீர் இல்லையென்று தாகத்தை அடக்கிக்கொள்ளும் பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஒகேனக்கல் தண்ணீர் பள்ளிக்குள் ஓட வேண்டும், குழாயைத் திறந்தால் பிள்ளைகள் குடிக்க வேண்டும். பைப் செலவில் பங்கு போடப் பெற்றோர் சிலர் தயார், அனுமதி கொடுத்தால் போதும். தயவுசெய்து அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். அதுவரைக்கும் நன்கொடை தர வருகிறவர்களிடம் இருபது லிட்டர் தண்ணீர் கேன் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
பென்னாகரம் வட்டம்