34 பேருக்கும் பங்கு கொடுங்கள்: அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, விளையாட்டுத் துறை இயக்குநர்களே,

2010 செப்டம்பரில், செலவு தாங்கவில்லை என்று சொல்லித் தன் பேஸ்பால் அணியைக் கலைக்கப்போவதாக கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அறிவித்தது. 1947இல் முதல் கல்லூரி உலகத் தொடரை, அதாவது கல்லூரி பேஸ்பாலின் தேசிய இறுதித் தொடரை, வென்ற அணி அது. முன்னாள் வீரர்களும் ஆதரவாளர்களும் கோடிக்கு நெருக்கமான டாலர்களைத் திரட்டிய பிறகே, 2011 ஏப்ரலில் முடிவு மாறியது. அந்த ஜூனில் அதே இளைஞர்கள் ஒமாஹாவில் உலகத் தொடர் ஆடினார்கள். பருவத்தின் பெரும்பகுதியை அடுத்த ஆண்டு அணி இருக்குமா என்று தெரியாமலே ஆடியவர்கள் அவர்கள். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழக வீரர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2020இல் மீண்டும் தொடங்கிய அணி, 14 ஆட்டங்களோடு மூடப்பட்டது.

இன்று அதே அச்சம் எனக்குத் திரும்பியிருக்கிறது. கல்லூரி விளையாட்டின் உயர்நிலையான முதல் பிரிவில், ஒரு பேஸ்பால் அணிக்கு நெடுங்காலம் 11.7 முழு உதவித்தொகைகள்தான் அனுமதி. அதை 27 பேர் வரை துண்டுபோட்டுப் பகிர்ந்தார்கள். மீதிக் கட்டணம் குடும்பத்தின் தலையில் விழுந்தது. 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் தங்களுக்கும் வருமானத்தில் பங்கு கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிபதி கிளாடியா வில்கென் ஒப்புதல் தந்தார். உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள் இப்போது அணியின் 34 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம்.

தரலாம். தரவேண்டும் என்று எங்கும் இல்லை. அதே உடன்பாட்டின்படி முதல் ஆண்டில் ஒரு கல்லூரி 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. புதிதாகக் கொடுக்கும் உதவித்தொகையில் 25 லட்சம் டாலர் வரை இந்த வரம்புக்குள்ளேயே கழிக்கப்படும். அப்படியானால் பேஸ்பாலுக்குக் கொடுப்பது மற்றவர் தட்டிலிருந்து எடுப்பதாகவே உங்கள் கணக்கில் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: எத்தனை உதவித்தொகைகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பயிற்சியாளர்கள் விஷயமும் இதுவே. 2023 ஜூலை வரை ஒவ்வோர் அணியிலும் ஒருவர் ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் சம்பளமின்றி உழைத்தார். அதன்பின் அந்த நான்காவது பயிற்சியாளருக்கும் ஊதியம் தர விதி இடம் கொடுத்துவிட்டது. உங்கள் வரவுசெலவில் இடம் கொடுத்துவிட்டீர்களா?

படிப்பை நினைத்தால் மனம் இன்னும் கனக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை 56 ஆட்டங்கள், அதுவும் வகுப்புகள் நடக்கும் பருவத்தில். மேற்குக் கரையிலுள்ள பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும், பெரும்பாலும் கிழக்குப் பகுதிக் கல்லூரிகளைக் கொண்ட ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) என்ற போட்டிக் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு, வாரயிறுதித் தொடருக்காக மாணவர்கள் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறக்கிறார்கள். தொலைக்காட்சிப் பணத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பயணத்தில் உடன் செல்லும் பாட ஆசிரியர்களுக்கு ஒதுக்குங்கள். வார நடுவில் ஆடும் ஆட்டங்களை அருகிலுள்ள கல்லூரிகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் நவம்பரில் கையெழுத்திட உங்கள் முன் அமரும் பதினேழு வயதுப் பிள்ளையிடம், நான்கு ஆண்டுகளுக்கும் எவ்வளவு தருவீர்கள், அணியைக் கலைத்தால் அவன் பட்டம் முடிக்கும்வரை யார் கட்டணம் செலுத்துவார் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

அன்புடன்,
கல்லூரி பேஸ்பாலை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்