அறை இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இல்லை

ஆசிரியருக்கு, வணக்கம்.

பினாங்கில் வாடகை அறை தேடும் என் மகளிடம் சம்பளச் சீட்டைக் கேட்பதற்கு முன்பே, “நீங்கள் என்ன இனம்?” என்கிறார்கள். சொன்னதும், அறையை யாரோ எடுத்துவிட்டார்களாம்! பள்ளியில் ருக்குன் நெகாரா என்னும் நாட்டுக் கோட்பாட்டு உறுதிமொழியைச் சொல்லி வளர்ந்தவள், தமிழைவிட மலாய்தான் சரளம் (அந்த வருத்தம் தனி). இது என் நாடுதானா என்று இப்போது என்னிடம் கேட்கிறாள்.

மலேசிய அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது, சரி. ஆனால் அது அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் வீட்டுக்காரரை அல்ல. நம்மவர்களும் சும்மா இல்லை. வங்காளதேசத் தொழிலாளி என்றால் கதவைச் சாத்துகிறவர்கள் நம்மிலும் உண்டு.

வீட்டு வாடகைச் சட்டம் பற்றிப் பல வருடங்களாகப் பேசுகிறார்கள். முன்பணத் தகராறோடு நிறுத்தாமல், இனத்தைக் காட்டி மறுப்பதையும் அதில் குற்றமாக்க வேண்டும்.

ஒரு தந்தை,
பட்டர்வொர்த், பினாங்கு