பத்திரிகை நறுக்குகளைப் பதிவோர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த, ஒடுக்கப்பட்ட மக்களின் ஆலய நுழைவு பற்றிய நறுக்குகளைப் பதிவேற்றும்போது, நிகழ்வு நடந்த நாளையும் இதழ் வெளியான நாளையும் ஒரே கட்டத்தில் இடாமல் தனித்தனியே குறிக்க வேண்டுகிறேன். தேதி கிழிந்துபோனவற்றின் பின்பக்கத்தையும் அவசியம் ஸ்கேன் செய்யுங்கள்; நேற்று ஒரு நறுக்கின் முதுகில் இருந்த பாதி நாடக விளம்பரத்தில் கிழமையும் தேதியும் தெளிவாகக் கிடைத்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

தலைப்புகளின் பழைய சொற்களையும் சந்தியையும் திருத்த வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, றா போன்ற எழுத்துகளுக்கு இருந்த பழைய வடிவங்களை மட்டும் இன்றைய எழுத்தில் தட்டச்சிட்டால் போதும். செல்லோடேப் ஒட்டிய தாள்களை யாரும் பிரிக்க முயல வேண்டாம். பழுப்பேறிய பசையோடு எழுத்தும் உரிந்து வந்துவிடுகிறது.