லெமன் பார்: ட்ரேயை எத்தனை துண்டு போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உணவுப் பக்கத்தில் வெளியான லெமன் பார் (சுட்ட அடிமாவின் மேல் எலுமிச்சைக் கலவை ஊற்றிச் சுடும் இனிப்பு) செய்முறையில் 'ஒரு துண்டுக்கு 150 கலோரி' என்று போட்டிருந்தீர்கள். ட்ரேயை எத்தனை துண்டாக வெட்டுவது என்று சொல்லவில்லை. அது தெரியாமல் இந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

20 செ.மீ. சதுர ட்ரேக்கு வழக்கமான அளவு இது: அடிமாவுக்கு மைதா 125 கிராம், வெண்ணெய் 115 கிராம், பொடித்த சர்க்கரை 30 கிராம். மேல் கலவைக்கு முட்டை 2, சர்க்கரை 200 கிராம், மைதா 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 60 மி.லி., கொஞ்சம் தோல் துருவல் (மஞ்சள் பகுதி மட்டும், வெள்ளை சேர்ந்தால் கசக்கும்). எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2,400 கலோரி. 16 துண்டு போட்டால் உங்கள் 150 சரி. ஒவ்வொன்றிலும் சர்க்கரை 14 கிராம். பலரும் 9 துண்டுதான் போடுகிறார்கள். அப்போது 265 கலோரி, சர்க்கரை 25 கிராமைத் தாண்டிவிடும். சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது 25 கிராம். ஒரே துண்டில் முடிந்துவிட்டது!

'வைட்டமின் சி நிறைந்தது' என்ற வரியையும் நீக்குங்கள். 60 மி.லி. சாற்றில் இருப்பதே 23 மி.கி. அளவுதான். பதினாறாகப் பங்கிட்டால் துண்டுக்கு ஒன்றரை மில்லிகிராம்கூட வராது. ஓவன் சூட்டில் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

சர்க்கரையைப் பாதியாக்கலாம் என்ற உங்கள் யோசனை ஆபத்தானது. முட்டை சட்டென்று இறுகாமல் பார்த்துக்கொள்வது சர்க்கரைதான். அது குறைந்தால் கலவை சீக்கிரமே இறுகி, திரிதிரியாகி, நீர் விடும். 150 கிராம் வரை குறைக்கலாம். துண்டுக்கு 3 கிராம் மிச்சம். ஆனால் கலவை ஊற்றிச் சுடும்போது 15ஆவது நிமிடத்திலிருந்தே கவனிக்க வேண்டும்.

அடிமாவைத் தனியாகச் சுடும் படி செய்முறையில் விடுபட்டிருக்கிறது. 175 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும்வரை சுட்டு, சூடு ஆறுமுன் கலவையை ஊற்ற வேண்டும். பச்சை மாவின் மேல் ஊற்றினால் கலவை உள்ளே இறங்கி அடி கொழகொழத்துவிடும். முட்டையை நுரைக்க அடிக்கவும் கூடாது. அந்த நுரைதான் மேலே வெள்ளை ஏடாகப் படிகிறது. மறுபடி 20 முதல் 25 நிமிடம். ட்ரேயை அசைத்தால் நடுவில் லேசாக அதிரும்போதே எடுத்துவிட வேண்டும்.

நன்றாக ஆறியபின் 2 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வெட்டினால் துண்டுகள் சமமாக வரும். திருத்தம் வெளியிடும்போது ட்ரே அளவையும் துண்டு எண்ணிக்கையையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி